வாயு அடுப்பும் அதற்கேற்ற பாத்திரங்களும்

மும்பையிலிருந்து தாணாக் கழியைக் கடந்தால் நவி மும்பை தொடங்குகிறது. அதன் பகுதிகளுள் ஒன்றான நெருளில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும் இருப்புச் சட்டியும், பின்னர் வாங்கிய எவர்சில்வர் பாத்திரங்களும் ஒரே சமையலறையில் புழங்குவது இத்தகைய இல்லங்களில் இயல்பு. முன்னவை விறகடுப்புக்கும் கரியடுப்புக்கும் ஏற்ப உருவானவை. அவற்றை வாயு அடுப்பில் ஏற்றுமுன் அடுப்பின் தன்மையையும் பாத்திரத்தின் தன்மையையும் அறிதல் வேண்டும். இல்லையேல் எரிபொருள் வீணாகும், பாத்திரம் கெடும், சில வேளைகளில் உடல்நலத்துக்கும் தீங்கு நேரும்.

இருவகை வாயு

செம்பூரை அடுத்த மாகுலில் பர்மா-ஷெல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1955இல் இயங்கத் தொடங்கிற்று. சிலிண்டரில் அடைத்த சமையல் வாயு இந்திய இல்லங்களுக்கு அறிமுகமானதும் அக்காலத்திலேயாகும். அந்நிறுவனம் 1976இல் அரசுடைமையாகி, 1977இல் பாரத் பெட்ரோலியம் என்னும் பெயர் பெற்றது. சிலிண்டர் வாயு, புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. நவி மும்பையில் பல வீடுகளுக்கு இன்று குழாய் வழியே வருவதோ பெரும்பாலும் மீத்தேனால் ஆன இயற்கை வாயு. ஒரே கன அளவில் சிலிண்டர் வாயு, இயற்கை வாயுவைவிட இரு மடங்குக்கு மேல் வெப்பம் தரும். ஆகவே இரண்டுக்கும் வாயு வெளிப்படும் துளையின் அளவு வேறு. சிலிண்டருக்கு உரிய அடுப்பைப் பயிற்சி பெற்ற ஊழியர் மாற்றி அமைத்த பின்னரே குழாயில் இணைத்தல் வேண்டும்.

சுடரும் அடிப்பாகமும்

விறகின் சுடர் பானையின் வயிற்றைச் சுற்றிப் படரும். அதனால் உருண்டை வடிவம் அங்குப் பொருத்தமாயிற்று. வாயுச் சுடரோ சிறு வட்டமாக அடியில் மட்டும் தாக்குகிறது. எனவே தட்டையான, அகன்ற அடிப்பாகமே இதற்கு உகந்தது. சுடரின் நுனி அடிப்பாகத்தின் விளிம்பைத் தாண்டி மேலெழுந்தால் அவ்வளவு வெப்பமும் காற்றில் கலந்து போகிறது, கைப்பிடியும் கருகுகிறது. சிறு பாத்திரத்தைச் சிறு பர்னரில் வைப்பதே முறை. அடுப்பு முழுவதையும் மூடும் பெரிய அண்டாவையும் ஏற்றலாகாது. சுடருக்குப் போதிய காற்றுக் கிடைக்காவிடில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுடர் மஞ்சளாக எரிதலும் பாத்திரத்தின் அடியில் கரி படிதலும் எரிதல் சரிவர நிகழவில்லை என்பதற்கு அறிகுறிகள். அந்நிலையில் சன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, பர்னரைச் சுத்தம் செய்விக்க வேண்டும்.

உலோகங்களின் இயல்பு

வெப்பத்தைக் கடத்தும் திறனில் எவர்சில்வரைவிட அலுமினியம் 10 மடங்குக்கு மேலும், செம்பு 20 மடங்குக்கு மேலும் உயர்ந்தவை. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பால் அடிபிடிப்பதன் காரணம் இதுவே: சுடர் படும் இடம் மட்டும் மிகச் சூடாகிறது, வெப்பம் பக்கங்களுக்குப் பரவுவதில்லை. அடியில் அலுமினியமோ செம்போ சேர்த்த கனத்த பாத்திரம் இக்குறையை நீக்கும். அலுமினியம் விரைவில் சூடாகும். ஆயினும் புளியும் உப்பும் அதனை அரிக்குமாதலால் குழம்பை அதில் நெடுநேரம் வைத்திருத்தல் கூடாது. பித்தளைக்கும் செம்புக்கும் உட்புறம் ஈயப்பூச்சு இன்றியமையாதது. தோசைக்கல்லுக்குக் கனத்த இரும்பு ஏற்றது. அது மெதுவாகச் சூடேறினும் மாவு விழுந்தவுடன் குளிர்ந்துவிடுவதில்லை. தாராவியின் கும்பார்வாடாவில் வனையப்படும் மண்பாண்டம் போன்றவற்றைச் சிறு சுடரில், உள்ளே நீர் இருக்கும்போதே சூடேற்ற வேண்டும். திடீர் வெப்பம் அவற்றை விரியச் செய்யும்.

மாட்டுங்காவின் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் ஈயச் சொம்பைப் பற்றித் தனியே கூறுதல் அவசியம். ரசத்துக்கு உரிய சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகும். நீர் உள்ளவரை சொம்பு காப்பாற்றப்படுகிறது. வெறுஞ் சொம்பைச் சுடரில் வைத்தால் சிறிது நேரத்தில் அடி உருகிவிடும். ஈயம் என்ற சொல் காரீயத்தையும் குறிக்கும். காரீயம் கலந்த சொம்பில் புளிரசம் காய்ச்சினால் அந்நஞ்சு உணவில் இறங்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கலப்படத்தைக் கண்ணால் அறிய இயலாது. ஆகையால் பரிசோதிக்கப்பட்ட சொம்பையே சமையலுக்குக் கொள்ள வேண்டும்.

கொதித்தபின் செய்ய வேண்டுவது

30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணரச் சுமார் 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அந்நீர் முழுவதையும் ஆவியாக்கவோ சுமார் 540 கிலோ கலோரி வேண்டும். கொதிக்கும் நீர், சுடரை எவ்வளவு பெரிதாக்கினும் 100 டிகிரிக்கு மேல் சூடாவதில்லை. ஆவி மட்டுமே மிகும். ஆகவே கொதி வந்தவுடன் சுடரைக் குறைத்து, பாத்திரத்தை மூடி வைத்தலே சிக்கனம். பிரஷர் குக்கரில் அழுத்தம் மிகுவதால் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்கிறது. பருப்பு விரைவில் வேகிறது.

வகுப்பில் செய்து காட்டத்தக்கது

மெல்லிய எவர்சில்வர் தட்டு ஒன்றிலும் கனத்த அலுமினியத் தட்டு ஒன்றிலும் கோதுமை மாவை மெல்லிதாகப் பரப்பி, சிறு சுடரில் ஒன்றன்பின் ஒன்றாக ஆசிரியரே சூடாக்கிக் காட்டலாம். முதல் தட்டில் மாவு பர்னரின் வடிவிலேயே பழுப்பு வளையமாகக் கருகும். இரண்டாவதில் ஏறக்குறையச் சீராக நிறம் மாறும். பின்னர் ஒரே பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரை மூடியுடன் ஒரு முறையும், அதனை ஆறவிட்டு மூடியின்றி மறுமுறையும் கொதிக்கவைத்து, இரு நேரங்களையும் கரும்பலகையில் குறிக்கலாம். களப் பணியாளர்கள் வீடுகளுக்குச் செல்லும்போது அடுப்பின் சுடர் நிறத்தையும் பாத்திரத்தின் அடியையும் முதலில் கவனிப்பார்களாக. கூற வேண்டிய அறிவுரை பெரும்பாலும் அவ்விரண்டிலேயே தெரிந்துவிடும்.