அதே இங்கிலீஷ், வேறு அளவு

திருத்தணியில் பஸ் ஏறி நகரியில் இறங்கினால் பாஷை தெலுங்கு. ஆனா வீட்டுக் கரண்ட் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்.

அமெரிக்காவிலோ நாம் படித்த இங்கிலீஷ்தான், அளவுகள் வேறு. வீட்டுக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம மிக்ஸி அங்கே திணறும். சுவிட்சை மேலே தள்ளினால்தான் லைட் எரியும். வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், ரோடு கடக்க முதலில் இடப்பக்கம் பார்க்கணும். 5/6 என்றால் மே 6. பெட்ரோல் கேலன் கணக்கு. ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்.

இதெல்லாம் சின்ன விஷயமா? 1999-ல் ஒரு குழு பவுண்டு கணக்கில் தந்த எண்ணை மற்றொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால், நாசாவின் செவ்வாய்க் கலமே தொலைந்தது.

ஆகவே எண்ணைப் பார்த்ததும் அலகைக் கேளுங்கள். அந்தப் பழக்கத்தை நம்ம லேப் ரெக்கார்டிலேயே தொடங்கலாம்.