தலைமைக்கு வித்து

பதவி ஒருவர்க்கு ஆணையிடும் உரிமையைத் தரும். அவ்வாணையை மனமுவந்து ஏற்கும் நெஞ்சங்களைத் தராது. அந்நெஞ்சங்களைத் தம்பால் ஈர்ப்பது தலைவருடைய பண்பே ஆகும். அப்பண்பு பதவி ஏற்கும் நாளில் திடீரெனத் தோன்றுவதன்று. வீட்டில் வித்தாக விழுந்து, இளமையில் வேர்விட்டு, வாழ்க்கையின் வெயிலிலும் மழையிலும் உரம் பெற்றே அது வளர்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. ஐந்தில் வளைந்தது ஐம்பதில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும், இடையே கோணிய ஒன்றை ஒருவர் தாமே எவ்வாறு நிமிர்த்திக்கொண்டார் என்பதையும் ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

மரக்குடிசை

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கெண்டக்கி மாநிலத்தில், 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள், ஒற்றை அறை கொண்ட மரக்குடிசை ஒன்றில் லிங்கன் பிறந்தார். தந்தையார் தாமஸ் தச்சுத்தொழிலும் உழவும் செய்து வந்தார். 1816-ஆம் ஆண்டு அக்குடும்பம் இந்தியானா மாநிலத்தின் அடர்ந்த காட்டுப் பகுதியில் குடியேறியது. ஏழு வயதுச் சிறுவனின் கையில் கோடரி கொடுக்கப்பட்டது. மரம் வெட்டுதலும் நிலம் திருத்துதலுமே அவனுடைய அன்றாடப் பணிகளாயின.

ஈராண்டு கழிவதற்குள் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. அக்காட்டில் முளைத்த ஒருவகை நச்சுச்செடியை மேய்ந்த பசுக்களின் பாலைப் பருகியோர் நோயுற்று இறந்தனர். 1818-ஆம் ஆண்டு லிங்கனின் அன்னை நான்சியும் அந்நோய்க்கு இரையானார். அப்பொழுது லிங்கனுக்கு வயது ஒன்பது. மண் தரையும் குளிர்ந்த அடுப்புமாகக் குடிசை பாழடைந்து கிடந்தது.

மறு ஆண்டு தாமஸ், கணவனை இழந்த சாரா என்னும் அம்மையாரை மணந்துகொண்டு வந்தார். மாற்றாந்தாய் என்றதும் அஞ்சுவது உலக இயல்பு. சாராவோ தம் மக்கள் மூவரையும், தாயற்ற குழந்தைகளையும் வேறுபாடு சிறிதுமின்றி வளர்த்தார். மண் தரைக்குப் பலகை இடச்செய்தார். பிள்ளைகளைத் தூய்மையாக உடுத்தச் செய்தார். தம்முடன் சில நூல்களையும் அவர் கொண்டுவந்தார். தாம் எழுத்தறியாதவராயினும் சிறுவன் ஆபிரகாமுக்கு நூல்கள்மீதிருந்த வேட்கையை அவர் கண்டுகொண்டார். உழைக்க வேண்டிய கைகள் ஏட்டைப் புரட்டுவதைத் தந்தை பெரிதும் விரும்பவில்லை. ஆனால், படிக்கும் பிள்ளையை இடையில் எழுப்பாமல் காத்தார் அன்னை.

லிங்கன் பள்ளிக்குச் சென்ற நாள்களையெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிறையாது. எஞ்சிய கல்வி முழுவதும் அவர் தாமே தேடிக்கொண்டது. வீட்டிலிருந்த நூல்கள் தீர்ந்த பின்னர் அயலாரிடம் இரவல் பெற்றுப் படித்தார். ஒருமுறை அண்டையிலிருந்த உழவரிடம் ஜார்ஜ் வாஷிங்டனின் வரலாற்றை வாங்கிவந்தார். இரவில் பெய்த மழை குடிசைச் சுவரின் இடுக்கு வழியே புகுந்து அந்நூலை நனைத்துவிட்டது. மறைக்கவோ, மழைமேல் பழி கூறவோ அவர் முற்படவில்லை. நனைந்த நூலுடன் உரியவரிடம் சென்று நடந்ததைக் கூறினார். கொடுப்பதற்குப் பொருளில்லாமையால், அவ்வுழவரின் வயலில் மக்காச்சோளத் தோகைகளை உரித்து மூன்று நாள் உழைத்து ஈடு செய்தார் என்பர்.

அருளுணர்வும் அப்பருவத்திலேயே அரும்பியது. சிறுவர் சிலர் ஆமையைப் பிடித்து அதன் முதுகில் தீக்கங்கை வைத்து, அது துடிப்பதைக் கண்டு நகைப்பது வழக்கம். அது தீங்கு என்று துணிந்து எடுத்துரைத்தவன் ஆபிரகாம். விலங்குகளை வதைத்தலாகாது எனப் பள்ளியில் அவன் கட்டுரையும் எழுதினான். பலர் கூடிச் சிரிக்கும் இடத்தில் தனித்து நின்று தவறு எனக் கூறுதல் எளிதன்று. பின்னாளில் ஒரு நாட்டையே எதிர்நோக்கி அவ்வாறு கூற வேண்டிய கடமை அச்சிறுவனுக்குக் காத்திருந்தது.

கடனும் நாணயமும்

1831-ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், லிங்கன் இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்னும் சிற்றூருக்கு வந்தார். அங்கு நண்பர் ஒருவருடன் கூட்டாகக் கடை நடத்தினார். வணிகம் நொடித்தது. 1835-ஆம் ஆண்டு கூட்டாளி இறந்துபோகவே, கடன் சுமை முழுவதும் லிங்கனின் தோள்மேல் விழுந்தது. ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட அத்தொகை, அந்நாளில் அவ்வூரில் ஓர் இளைஞன் எளிதில் ஈட்டக்கூடியதன்று. கடன்பட்டோர் இரவோடிரவாக ஊரைவிட்டு மறைவதும் அந்நாளில் உண்டு. லிங்கன் மறையவில்லை. அஞ்சல் நிலையப் பொறுப்பாளராகவும் நில அளவையாளராகவும் உழைத்தார். பின்பு சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் செலுத்திக் கடன் முழுவதையும் தீர்த்தார். நூல் ஒன்றுக்கு மூன்று நாள் உழைத்த கைகளுக்கு இது புதிய பாடமன்று. ‘நேர்மையாளர் ஏப்’ என மக்கள் அவரை அழைத்தனர். தேர்தல் மேடைகளில் எத்தனையோ பேர் எத்தனையோ உறுதிமொழிகளைக் கூறுவர். லிங்கன் சொன்ன சொல்லை மக்கள் நம்பியதற்கு, அவர் தீர்த்த கடனே சான்றாக நின்றது.

1841-ஆம் ஆண்டு நீராவிப் படகொன்றில் சென்றபோது, சங்கிலியால் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட அடிமைகள் சிலரை அவர் கண்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து நண்பர்க்கு எழுதிய மடலிலும் அக்காட்சி தம்மை இடைவிடாது வருத்துவதாக அவர் குறிப்பிட்டார். ஆமையின் துடிப்பைக் கண்டு பொறாத நெஞ்சம் மனிதரின் தளையைக் கண்டு எவ்வாறு அமையும்?

கோணலும் திருத்தமும்

லிங்கன் பிறவியிலேயே குறையற்றவர் என்று எண்ணுதல் பொருந்தாது. பிறரைப் போல நடித்துக் காட்டி எள்ளி நகையாடும் ஆற்றல் அவருக்கு இளமை முதலே இருந்தது. அதனால் பிறர் மனம் புண்படுவதை அவர் உணரவில்லை.

1842-ஆம் ஆண்டு, மாநில அரசின் கணக்கு அலுவலராக இருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்பாரை இகழ்ந்து, புனைபெயரில் செய்தித்தாளுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வேறு சிலரும் அதனைத் தொடர்ந்து அவ்வாறே எழுதினர். ஊரெல்லாம் நகைத்தது. கடுஞ்சினம் கொண்ட ஷீல்ட்ஸ், எழுதியவர் யார் எனக் கண்டறிந்து, லிங்கனைத் தனிப்போருக்கு அழைத்தார். இல்லினாயில் அத்தகைய போர் சட்டத்துக்கு மாறானது. ஆகவே, செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இருவரும் மிசிசிப்பி ஆற்றின் மறுபுறம் சென்றனர். வாள்கள் உருவப்படுமுன் நண்பர்கள் இடைபுகுந்து சமாதானம் செய்துவைத்தனர். ஒரு வேடிக்கைக் கடிதம் இரண்டு உயிர்களைக் களத்தின் விளிம்புவரை இழுத்துச் சென்றது!

லிங்கன் அந்நிகழ்ச்சியை எண்ணி வாழ்நாள் முழுவதும் நாணினார்; அதனைப் பற்றிப் பேசவும் விரும்பவில்லை. அதன்பின் பெயரை மறைத்துக்கொண்டு பிறரைப் புண்படுத்தும் எழுத்தில் அவருடைய எழுதுகோல் ஈடுபடவில்லை. வளர்ப்பு ஒருவர்க்கு நல்வழியைக் காட்டும். வழி தவறியபோது திரும்பி வருதல் அவரவர் முயற்சியே ஆகும். அம்முயற்சியினால் பண்பு முழுமை பெறுகிறது.

பகைவரும் துணைவராயினர்

1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொழுது அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அடிமைகளாக இருந்தனர். அவர் பதவி ஏற்குமுன்பே தென்மாநிலங்கள் ஏழு ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தன. 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. நான்காண்டு நடந்த அப்போரில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அத்தகைய வேளையில் தலைவர் ஒருவர் தம்மைப் புகழ்வோரையே சூழ வைத்துக்கொள்ள விரும்புதல் இயல்பு. லிங்கன் அவ்வாறு செய்யவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான கட்சி வேட்பாளராகத் தம்மோடு போட்டியிட்ட சீவார்டு, சேஸ், பேட்ஸ் ஆகிய மூவரையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். 1855-ஆம் ஆண்டு ஒரு வழக்கில் உடன் வாதாட வந்த லிங்கனை நாட்டுப்புறத்தான் எனக் கருதிப் புறக்கணித்தவர் ஸ்டான்டன் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1862-ஆம் ஆண்டு தொடக்கத்தில் போர்த்துறை அமைச்சர் பதவிக்குத் தகுந்தவர் தேவைப்பட்டபோது, லிங்கன் அந்த ஸ்டான்டனையே அழைத்தார். சேஸ் அமைச்சரவையில் இருந்துகொண்டே தலைவர் பதவிக்கு முயன்றவர். 1864-ஆம் ஆண்டு அவர் பதவி விலகினார்; அவ்வாண்டின் இறுதியிலேயே லிங்கன் அவரை நாட்டின் தலைமை நீதிபதியாக்கினார். அன்று வாளுடன் எதிரே நின்ற ஷீல்ட்ஸும் 1861-ஆம் ஆண்டிலேயே படைத்தலைவருள் ஒருவராக நியமனம் பெற்றிருந்தார். ஆற்றல் எங்கிருப்பினும் அது நாட்டுக்கு உரியது. தமக்கு நேர்ந்த அவமதிப்பு தம்மோடு மறைய வேண்டியது என்பதே லிங்கனின் கணக்கு. தம் மக்கள், பிறர் மக்கள் என்ற வேறுபாடு காணாத அன்னையின் குடிசையில் அவர் வளர்ந்தவர் அல்லரோ?

அனுப்பப்படாத மடல்

1863-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் முதல் மூன்று நாள்களில் கெட்டிஸ்பர்க் என்னும் இடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. தென்னவரின் தளபதி லீ தோற்றுப் பின்வாங்கினார். வெள்ளம் பெருகிய பொட்டோமக் ஆறு அவருடைய வழியை மறித்தது. வடவரின் தளபதி மீடு அப்பொழுதே தாக்கியிருப்பின் போர் அன்றே முடிந்திருக்கும் என லிங்கன் நம்பினார். மீடு தயங்கினார், வெள்ளம் வடிந்தது, லீ தப்பிச் சென்றார்.

லிங்கன் அடைந்த வேதனைக்கு அளவில்லை. ஜூலை 14-ஆம் நாள், கைக்கெட்டிய வாய்ப்பு நழுவியதையும், அதனால் போர் முடிவின்றி நீளப்போவதையும் சுட்டி மீடுக்கு மடல் ஒன்று எழுதினார். எழுதி முடித்தபின் அதனை மடித்து உறையிலிட்டார். அனுப்பப்படாதது, கையொப்பமிடப்படாதது என உறையின்மேல் குறித்து எடுத்து வைத்துவிட்டார். அவர் மறைந்த பின்னரே அது உலகுக்குத் தெரியவந்தது.

கடும் போரில் பெருவெற்றி ஈட்டிக் களைத்திருந்த தளபதிக்கு அம்மடலால் விளையக்கூடியது மனமுறிவு ஒன்றே. சினத்தை எழுத்தில் வடித்தார். பின்பு அச்சினத்தையே ஆண்டார். 1842-ஆம் ஆண்டு ஓர் அலுவலரை எள்ளிய கடிதத்தைத் தயங்காமல் அச்சுக்கு அனுப்பிய அதே கை, இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், நியாயமான சினத்தோடு எழுதிய மடலையும் அனுப்பாது நிறுத்தியது. பண்பின் வளர்ச்சியை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை.

பொறுமை உடையவர் உறுதியற்றவர் என எண்ணலாகாது. 1863-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், கிளர்ச்சி செய்த பகுதிகளிலிருந்த அடிமைகள் விடுதலை பெற்றனர் என லிங்கன் அறிவித்தார். மறு ஆண்டு போர் நீண்டு மக்கள் சலிப்புற்றனர். விடுதலைக் கொள்கையைக் கைவிட்டால் அமைதி கிட்டும் எனப் பலர் வற்புறுத்தினர். தேர்தலில் தாம் தோற்பது உறுதி என அவரே 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எண்ணினார். ஆயினும் கொடுத்த வாக்கை மீட்டுக்கொள்ள அவர் இசையவில்லை. கடைக்கடனை விட்டு ஓடாதவர், ஓர் இனத்துக்குப் பட்ட கடனை விட்டு ஓடுவாரோ? அத்தேர்தலில் அவர் வெற்றி பெற்றார். அடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 1865-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் மாநிலங்களின் ஒப்புதலும் பெற்று அது சட்டமாயிற்று. அப்பொழுது லிங்கன் உயிருடன் இல்லை.

அழியாத தலைமை

1865-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் இரண்டாம் முறை பதவி ஏற்றபோது, தோல்வியுறும் நிலையிலிருந்த பகைவரை அவர் பழிக்கவில்லை. எவர்மீதும் பகைமையின்றி, எல்லார்மீதும் அன்புகொண்டு, நாட்டின் புண்ணை ஆற்ற வேண்டும் என்றார். ஏப்ரல் 9-ஆம் நாள் லீ பணிந்தார். தோற்ற வீரர்கள் வீடு திரும்பவும், உழவுக்குத் தங்கள் குதிரைகளைக் கொண்டுசெல்லவும் இசைவு பெற்றனர். ஐந்து நாள் கழித்து நாடக அரங்கில் கொலைஞன் ஒருவனால் சுடப்பட்டு, மறுநாட் காலை லிங்கன் உயிர் நீத்தார். ஒருகாலத்தில் அவரைப் புறக்கணித்த ஸ்டான்டன் அப்படுக்கையருகே நின்று கண்ணீர் வடித்தார்.

1861-ஆம் ஆண்டு சனவரி இறுதியில், தலைநகர் செல்லுமுன், கடும் பனியில் பயணம் செய்து லிங்கன் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தார். அங்கு முதுமை எய்திய சாரா அம்மையார் இருந்தார். மகனைத் தழுவிக்கொண்ட அவ்வன்னை, இனி அவனைக் காணப்போவதில்லை என அஞ்சி அழுதார். அவர் அஞ்சியவாறே நடந்தது. அவர் மகனுக்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். லிங்கனைப் போன்று நல்ல பிள்ளையைத் தாம் கண்டதில்லை என்று, தம்மை நாடி வந்தவரிடம் கூறினார். உலகம் பெருந்தலைவர் எனப் போற்றியவரை அவ்வன்னை நல்ல பிள்ளையாகவே கண்டார். இரண்டும் ஒன்றே என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

இரவல் வாங்கிய நூலைச் செம்மையாகத் திருப்பித் தருதல், பலர் நகைக்குமிடத்தில் நகையாதிருத்தல், தவறை ஒப்புக்கொள்ளுதல், சினத்தில் எழுதியதை அனுப்பாது வைத்தல் ஆகியன சிறுசெயல்களே. எனினும் ஒரு நாட்டின் பெருஞ்சுமையைத் தாங்கிய தோள்கள் இவற்றைச் சுமந்தே உரம் பெற்றன. தலைமைக்குரிய வித்து ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வகுப்பறையிலும் நாள்தோறும் விழுந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நீர் வார்த்துக் காத்தல் அவரவர் கடமையாகும்.