வெங்காயமும் பூண்டும் காக்கும் முறை



சிங்கப்பூருக்கு வேண்டிய உணவில் 90 விழுக்காட்டிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. தேக்காச் சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் நாம் காணும் சின்ன வெங்காயமும் பூண்டும் கடல் கடந்து வந்தவையே. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு விதித்த தடை, 2024 மே மாதம் வரை நீடித்தது. இத்தகைய நேரங்களில் சிக்கனமும் சேமிப்பும் எவ்வளவு இன்றியமையாதவை என்பது விளங்கும். ஆகவே நாம் வளர்த்ததையும் வாங்கியதையும் அழுகவிடாமல் காக்கும் முறையை இங்கே காண்போம்.

வெங்காயம் பறித்த பின்னும் உயிருள்ள பொருள். அது மூச்சுவிடுகிறது, ஈரத்தை வெளியிடுகிறது. தாளும் குமிழும் சேரும் இடமே அதன் கழுத்து. அக்கழுத்து ஈரமாக இருக்குமாயின் அழுகல் நோய் அதன் வழியே உட்புகும். கழுத்து நன்கு வற்றி, மேல்தோல் சருகானால், அதுவே குமிழுக்குப் பூட்டிய கதவாகும். உலர்த்துதலின் நோக்கம் அக்கதவை மூடுவதே.

நம் ஊரில் இதற்கு இடையூறு காற்றிலுள்ள ஈரம். விடியற்காலையில் அது 90 விழுக்காட்டையும் தாண்டுகிறது. எனவே வெயிலைக் காட்டிலும் வீசும் காற்றையே நாம் நம்ப வேண்டும். கடும் வெயில் குமிழை வேகச் செய்து மென்மையாக்கிவிடும்.

தொட்டியிலோ சமூகத் தோட்டத்திலோ வளர்த்த வெங்காயத்தின் தாள்கள் பெரும்பாலும் சாய்ந்ததும் நீர் ஊற்றுவதை நிறுத்துக. மழையில்லா நாளில் காயம்படாமல் பிடுங்குக. மண்ணை உதறுக, நீரில் கழுவலாகாது. தாளை அறுக்காமல், நிழலில் வலைத்தட்டின் மேல் ஒற்றை வரிசையாகப் பரப்புக. மழைக்காலத்தில் வீட்டினுள் வைத்து மின்விசிறியை ஓடவிடுக. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கழுத்தை விரலால் நசுக்கிப் பாருங்கள். வழுக்கலும் ஈரமும் இல்லையேல் அது காய்ந்துவிட்டது. பின்னர், இரண்டு விரற்கடை விட்டுத் தாளை நறுக்குக. கழுத்துப் பருத்தவற்றையும் காயம்பட்டவற்றையும் முதலில் சமையலுக்கு எடுத்துக்கொள்க.

பூண்டு திரண்டு பருக்கக் குளிர்ச்சி வேண்டும். ஆதலால் அது கொடைக்கானல் போன்ற மலைகளில் நன்கு விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம் வெப்பத்தில் அது தாளாகவே நின்றுவிடும். எனவே கடைப்பூண்டைக் காப்பதே நம் வேலை. அதைப் பல் பல்லாக உடைத்து வைக்காமல் முழுப்பூண்டாகவே வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் குளிர் பூண்டை விரைவில் முளைக்கச் செய்யும்.

தமிழ்நாட்டின் பெரம்பலூர்ப் பகுதி உழவர்கள் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காக்கின்றனர். தரையில் படாமல் உயர்த்திய மேடை, காற்றுப் புகும் பக்கங்கள், மழை தடுக்கும் கூரை ஆகிய மூன்றுமே பட்டறையின் இலக்கணம். நம் வீட்டில் ஒரு வலைப்பையைச் சுவரில் படாமல் தொங்கவிட்டால் அதுவும் சிறு பட்டறையே. பிளாஸ்டிக் பையில் கட்டினால், வெங்காயம் விட்ட மூச்சின் ஈரமே அதை அழுகச் செய்யும். உருளைக்கிழங்குடன் சேர்த்து வைப்பதும் தவறு. வாரம் ஒருமுறை பையைக் கொட்டி, மென்மையானவற்றை அகற்றுக.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை: உரித்த பச்சைப்பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அறை வெப்பத்தில் வைக்கவே கூடாது. காற்றில்லா எண்ணெய்க்குள் கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகும். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் இத்தகைய பூண்டால் 36 பேர் நோயுற்றனர். நஞ்சு கலந்ததை மணத்தாலோ சுவையாலோ அறிய இயலாது.

மாணவர்களே! நன்கு காய்ந்த வெங்காயத்தில் நடுத்தர அளவுள்ள பத்தினை விதைக்கென ஒதுக்கி வையுங்கள். இரண்டு மாத உறக்கத்திற்குப் பின் அவற்றை நட்டால், ஒவ்வொன்றும் பல குமிழாய்ப் பிரியும். விளைவிப்பது பாதி உழைப்பு. காப்பது மறுபாதி உழைப்பு. இரண்டையும் கற்றவரே முழு உழவர் ஆவர்.