கோபோலில் பாயிண்டரும் வகை மாற்றமும்: தொடக்கநிலையினருக்கு முழுமையான வழிகாட்டி

சி மொழி பழகியவர்கள் கோபோலுக்கு வந்ததும் ‘காஸ்டிங்’ எங்கே என்று தேடுவார்கள். அதற்கெனத் தனிக் கட்டளை கோபோலில் கிடையாது. சாதாரண பாயிண்டரில் இருப்பது வெறும் முகவரி. அங்கே கிடக்கும் பைட்டுகளை எப்படி வாசிப்பது என்பதை லிங்கேஜ் செக்‌ஷனில் நாம் எழுதும் ரெக்கார்டுதான் சொல்கிறது. இது பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 1: அறிவிப்பு

ஒர்க்கிங் ஸ்டோரேஜில் ‘யூசேஜ் பாயிண்டர்’ என்று எழுதுங்கள், பிக்சர் கூடாது. ஐபிஎம் மெயின்பிரேமில் 31 பிட் நிரலுக்கு இது 4 பைட், 64 பிட்டுக்கு 8 பைட். ‘வேல்யூ நல்’ கொடுக்க மறக்காதீர்கள். நல் என்றால் சோதித்துப் பிடித்துவிடலாம். குப்பை முகவரியை அப்படிப் பிடிக்க முடியாது.

படி 2: முகவரியை நிரப்புதல்

மூவ் செல்லாது, செட் போட வேண்டும்: ‘செட் என்-பாயிண்டர் டு அட்ரஸ் ஆஃப் உள்ளீடு’.

படி 3: வகை மாற்றம்

‘உள்ளீடு’ ரெக்கார்டில் வங்கிப் பரிவர்த்தனை ஒன்று வருகிறது. முதல் பைட்டில் வகைக் குறியீடு: வரவா, பற்றா. மீதி அமைப்பு இரண்டுக்கும் வேறு. லிங்கேஜில் தலைப்பு, வரவு, பற்று என மூன்று 01 நிலை ரெக்கார்டுகளை எழுதுங்கள். முதலில் ‘செட் அட்ரஸ் ஆஃப் தலைப்பு டு என்-பாயிண்டர்’. குறியீட்டைப் பாருங்கள். வரவு என்றால், அதே பாயிண்டரை வரவு ரெக்கார்டுக்குப் பொருத்துங்கள். தரவு நகலாவதில்லை, அதன் மேல் போர்த்தும் அச்சுதான் மாறுகிறது.

குறியீட்டைப் பார்க்காமல் பொருத்தினால் கம்பைலர் தடுக்காது. பேக்டு டெசிமல் புலத்தில் எழுத்துகள் சிக்கினால் எஸ்0சி7 அபெண்ட் (நிரல் பாதியில் முறிதல்) வரலாம். அபெண்ட் வந்தால்கூட நல்லது. தவறான தொகை சத்தமில்லாமல் கணக்கில் ஏறுவதே பெரிய ஆபத்து.

படி 4: முகவரிக் கணக்கு

முகவரியோடு பைட்டுகளைக் கூட்ட, பலர் பாயிண்டரை ரீடிஃபைன்ஸ் மூலம் எண்ணாக்குவார்கள். 31 பிட் நிரலில் அந்த எண் எஸ்9(9) காம்ப்-5 ஆக இருக்கட்டும். வெறும் காம்ப் போட்டால், கம்பைலரின் ‘ட்ரங்க்’ அமைப்பைப் பொறுத்து, பத்து இலக்க முகவரியின் முன்னிலக்கம் வெட்டுப்படலாம்.

படி 5: வகையுள்ள பாயிண்டர்

2002 தரநிலை ‘டைப்டெஃப்’ வழியாகப் பெயருள்ள வகைகளையும், ‘பாயிண்டர் டு’ வகைப்பெயர் என்ற அறிவிப்பையும் தந்தது. அந்த வகைத் தரவின் முகவரியை மட்டுமே அது ஏற்கும். எல்லாக் கம்பைலர்களிலும் இது இல்லை. உங்களிடம் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு பொருத்தலுக்கும் முன் நல் சோதனையையும் குறியீட்டுச் சோதனையையும் நீங்களே எழுதிவிடுங்கள்.