வேரின் சிவப்பும் தங்க ரேக்கும்

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் அச்சு இயந்திரம் தோன்றுமுன், திருப்பலிப் புத்தகங்களும் சங்கீத ஏடுகளும் கையாலேயே எழுதப்பட்டன. பதப்படுத்திய கன்றுத் தோலிலும் ஆட்டுத் தோலிலும் எழுதி, முதலெழுத்துக்களைத் தங்கத்தாலும் வர்ணத்தாலும் அலங்கரித்தனர். முதலில் துறவிகளும் பின்னர் நகரத்துக் கலைஞரும் செய்த வேலை இது. வாசகரே, இதன் முறையை அறிவது வீண் ஆராய்ச்சியன்று. நமது கோவில்களிலுள்ள பழைய சுரூபங்களை நாம் நடத்தும் விதத்தோடு இதற்குத் தொடர்புண்டு.

வர்ணங்கள் சில கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் கிடைத்தன; வேறு சில தாவரங்களிலிருந்து கிடைத்தன. நீலத்துக்கு வோட் என்னும் செடியின் இலை. அதன் சாயமும் நமது அவுரியின் சாயமும் ஒன்றே. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியொன்றின் வேர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தோண்டியெடுத்தார்களே சாயவேர், அதிலுள்ள அலிசரின் என்ற பொருளே இவ்வேரிலும் உண்டு.

வேரை அவித்த நீர் துணிக்குச் சாயமாகலாம்; ஓவியனுக்கு அது போதாது. அதிலே படிகாரமும் சாம்பற்காரமும் சேர, சாயம் துகளாகி அடியிற் படியும். அத்துகளை உலர்த்தி அரைத்து, வேலம்பிசின் நீரிலோ முட்டை வெண்கருவிலோ குழைத்துத் தீட்டினர்.

ஆனால் தங்கமே முதல் வேலை. ரேக்கு மூச்சுக் காற்றிற் பறக்குமளவு மெல்லியது. பசையுள்ள எதிலும் ஒட்டிக்கொள்ளும். வர்ணத்தை முன்னரே தீட்டினால் அதன்மேலும் ஒட்டிப் பாழாக்கிவிடும். ஆகவே வெண்சாந்தும் பசையும் சிறிது சீனியும் குழைத்து, எழுத்தின்மேல் மேடான படுகை அமைப்பார்கள். அது காய்ந்தபின் குழாயொன்றினால் வாய்மூச்சை ஊத, படுகை இலேசாக ஈரமாகும். அந்தக் கணத்தில் ரேக்கை வைத்து அழுத்துவார்கள். பின்பு தேய்த்து மினுக்குவார்கள். ஏறக்குறைய 1400இல் கைந்நூல் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, மினுக்குவதற்கு நாய், ஓநாய், சிங்கம் முதலியவற்றின் பல் உகந்தது என்கிறார். சிங்கத்தின் பல் எத்தனை பேருக்குக் கிடைத்ததோ!

தாவர வர்ணங்கள் பல வெளிச்சத்தில் மங்கிவிடும். மூடிய புத்தகத்துள் இருந்ததனாலேயே அவை இன்றும் பிழைத்திருக்கின்றன. தங்கம் மங்காது, அதன் கீழுள்ள படுகையே பலவீனமானது. நீர் பட்டால் அது இளகும். பழைய மரச் சுரூபங்கள் பலவற்றிலும் ரேக்கு இத்தகைய படுகையிலேயே இருக்கிறது.

திருவிழாவுக்கு முன்னர் ஈரத்துணியால் சுரூபத்தைத் துடைப்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக. உரிந்த இடத்திற் பூசும் 'தங்க' பெயின்ற் பெரும்பாலும் செம்பும் நாகமும் கலந்த தூள்; சில ஆண்டுகளிற் கறுத்துப்போகும். தூசி தட்ட உலர்ந்த, மென்மையான தூரிகை போதும். ரேக்கு உரியத் தொடங்கிய இடத்தில் அதுவும் வேண்டாம்.