கற்கண்டுக்குள் மின்சாரம்

உடுமலைப்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்ப்பொருள்களாலான ஸ்படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதற்கு, அவற்றுள் ஒடுங்கிக் கிடக்கும் உயிர்ச்சக்திதானே காரணம் என்று கேட்டிருந்தாய். உன் வயதில் அப்படிக் கேட்பது குற்றமன்று. ஆனால் கற்றோர் சிலரும் மேடையேறி இதையே முழங்கக் கேட்டுச் சலித்துப்போயிருப்பதால் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன்: அங்கே உயிர்ச்சக்தி என்று எதுவும் ஒளிந்திருக்கவில்லை. இருப்பது அணுக்களின் அமைப்பு ஒன்றே.

1880-ல் ஜாக், பியர் என்னும் கியூரி சகோதரர்கள் இந்தக் குணத்தைக் கண்டறிந்தபோது, குவார்ட்ஸுக்கும் டூர்மலினுக்கும் பக்கத்திலேயே கரும்புச் சர்க்கரையும் இடம்பெற்றிருந்தது. நம் அமராவதிப் பாசனத்தில் விளையும் கரும்பின் சர்க்கரை பெரிய ஸ்படிகமாக வளர்ந்தால் அதுவே கற்கண்டு. இருட்டறையில் பத்து நிமிஷம் கண்ணைப் பழக்கிக்கொண்டு ஒரு கட்டியை இடுக்கியால் நொறுக்கிப் பார். மங்கிய நீல ஒளி மின்னி மறையும். பிளவுபட்ட முகங்களில் பிரிந்து நிற்கும் மின்னேற்றங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தூண்டுவதால் எழும் ஒளி அது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சிஸ் பேக்கன் இதைக் குறித்துவைத்தார் என்று படித்த நாள் முதல் எத்தனையோ இரவுகள் செய்து பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

நடுப்புள்ளி ஒன்றைச் சுற்றி, ஒவ்வோர் அணுவுக்கும் நேர் எதிரே இணையணு அமைந்த ஸ்படிகத்தை எவ்வளவு அழுத்தினாலும் மின்னேற்றங்களின் பெயர்ச்சிகள் ஒன்றையொன்று ரத்துச் செய்துவிடும். சர்க்கரை மூலக்கூறோ வலக்கை இடக்கையுள் ஒன்றைப் போல ஒருபக்கச் சார்புடையதாதலால், அதன் ஸ்படிகத்தில் அத்தகைய நடுப்புள்ளி அமைய வழியில்லை. கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலத்துக்கு அந்த இடவல பேதம் கிடையாது. ஆகவே அந்த நடுப்புள்ளி அமைந்துவிட்ட அதன் ஆல்ஃபா ஸ்படிகம் அழுத்தத்துக்கு ஊமையாக இருக்க, அதே மூலக்கூறு நடுப்புள்ளியின்றி வேறு வரிசையில் அடுக்கப்பட்ட பீட்டா ஸ்படிகமோ, அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தார் 2018-ல் அறிவித்தபடி, வோல்ட்டுக்கு 178 பைக்கோமீட்டர் அளவுக்கு இசைகிறது. மூலக்கூறு ஒன்றேயாக இருக்க, உயிர்ச்சக்தி ஒன்றில் தங்கி மற்றதில் ஓடிவிட்டதா? கிளைசினை ரசாயன ஆலையிலும் செய்கிறார்கள் என்பதையும் மறவாதே.

உங்கள் வீட்டு கேஸ் லைட்டருக்குள் இதே குணத்தால் பொறி கிளப்பும் பீங்கான் போன்ற துண்டில் எடையில் பாதிக்கு மேல் ஈயம். தூக்கியெறிந்தால் அது மண்ணுக்குத்தான் போகும். கிளைசின் நீரில் கரைந்துவிடும் என்பது அதன் பலவீனம். குப்பைக்குப் போகும்போது அதுவே அதன் மேன்மை.

1950-களில் ஜப்பானின் ஃபுகாடா இதே குணத்தை மரத்திலும் எலும்பிலும் பட்டிலும் அளந்து காட்டினார். நம் ஊரைச் சுற்றியுள்ள மல்பெரித் தோட்டத்துக் கூடுகளின் இழையும் அந்தப் பட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு கற்கண்டோடு வா. அறையை இருட்டாக்கி வைக்கிறேன்.