அந்த வீட்டை அப்படியே கொண்டு வா

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மதுரையில் உங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கே அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள், "சென்னையில எப்போ போடுறாங்க?" என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். இந்த எதிர்பார்ப்புதான் உன்னைக் கலக்குகிறது என்று தெரிகிறது. இல்லாவிட்டால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கமாட்டாய். நாடகத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கிவிடலாமா, அம்மா வேடத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு சீரியல் நடிகையைப் போடலாமா, மதுரைப் பேச்சைக் கொஞ்சம் மழுப்பிவிடலாமா?

மூன்றும் வேண்டாம்.

சென்னையில் காத்திருக்கும் ரசிகர் எதற்குக் காத்திருக்கிறார் என்று யோசித்துப் பார். மதுரை அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்னவோ நேர்ந்திருக்கிறது, அது தனக்கும் நேரவேண்டும் என்று அவர் விரும்புகிறார். அதை நேரச் செய்தவற்றையெல்லாம் வழியில் இறக்கிவிட்டு வந்தால் அவருக்கு எதைக் காட்டப்போகிறாய்?

இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. டிரேசி லெட்ஸ் எழுதிய 'ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி'. 2007 கோடையில் சிகாகோவின் ஸ்டெப்பன்வுல்ஃப் குழு அதை முதலில் மேடையேற்றியது. ஓக்லஹோமா மாநிலத்தில் பாஹஸ்கா என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு பெரிய பழைய வீடு. இரவா பகலா என்று தெரியாதபடி ஜன்னல்களையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள். அப்பா பெவர்லி ஒரு காலத்தில் பேரெடுத்த கவிஞர், இப்போது குடிகாரர். அம்மா வயலட்டுக்கு வாயில் புற்றுநோய், அதைவிடக் கொடிய மாத்திரைப் பழக்கம். ஒரு நாள் அப்பாவைக் காணவில்லை. மூன்று மகள்களும் கணவன், காதலன், பிள்ளை என்று ஆளுக்கொரு சுமையோடு வந்து சேர்கிறார்கள். மொத்தம் 13 பாத்திரங்கள். இரண்டு இடைவேளைகளோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

இந்தக் கதை லெட்ஸின் சொந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது தாய்வழித் தாத்தா நீரில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார். அதன்பின் பாட்டி மாத்திரைகளுக்கு அடிமையானார். இதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இவ்வளவு அந்தரங்கமான, ஒரு குறிப்பிட்ட மண்ணின் புழுக்கத்தில் ஊறிய நாடகத்தை நியூயார்க்குக்குக் கொண்டுபோக முடிவெடுத்தபோது, உனக்கு வந்திருக்கும் மூன்று சபலங்களும் அவர்கள் முன்னாலும் நின்றிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2006இல், ஜூலியா ராபர்ட்ஸ் பிராட்வேயில் ஒரு நாடகத்தில் நடித்து, அவர் முகத்துக்காகவே டிக்கெட்டுகள் பறந்திருந்தன. பாட்டில்லாத நாடகம் அங்கே பிழைக்க ஒரு சினிமா நட்சத்திரம் வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான கணக்கு.

ஸ்டெப்பன்வுல்ஃப் அந்தக் கணக்குக்குள் போகவில்லை. சிகாகோவில் நடித்தவர்களில் பெரும்பாலோர் அப்படியே நியூயார்க் போனார்கள். வயலட்டாக டியானா டுனகன், மூத்த மகள் பார்பராவாக ஏமி மார்ட்டன், சித்தி மேட்டி ஃபேவாக ரோண்டி ரீட். மேடைக்கு வெளியே இந்தப் பெயர்களை அறிந்தவர்கள் குறைவு. பார்பராவின் கணவனாக நடித்த ஜெஃப் பெரி அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். குழுவின் தோற்றத்திலிருந்து கூட இருக்கும் ஒருவர், மாமியார் வீட்டில் தலைகுனிந்து நிற்கும் மருமகன் வேடத்தை ஏற்று ஊர்விட்டு ஊர் போகிறார் என்பதைக் கவனி. இயக்குநர் ஆனா ஷபிரோவும் அதே குழுவின் ஆள்தான்.

ஏன் இது அவ்வளவு முக்கியம்? குடும்ப நாடகத்தில் ரசிகர் முதலில் சோதிப்பது இவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள்தானா என்பதை. அக்கா பேச ஆரம்பித்ததும் தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விதம், அம்மா நாற்காலியை இழுக்கும் சத்தத்திலேயே அடுத்து என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுவது, இவையெல்லாம் மாதக்கணக்கில் சேர்ந்து நடித்தவர்களுக்கு மட்டுமே கைவரும். 'ஆகஸ்ட்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். வயலட் ஒவ்வொருவராகப் பிடித்து உண்மையைச் சொல்லிக் கிழிக்கிறாள். அவள் பேசாத நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அந்தக் காட்சியின் பாதி பலம் இருக்கிறது. அந்த மேசையில் மூன்று வார ஒத்திகையோடு ஒரு நட்சத்திரத்தை உட்காரவைத்தால் ரசிகரின் கண் அவர்மேலேயே ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் விருந்தாளிகளாகிவிடுவார்கள். உன் நாடகத்தில் பாகப்பிரிவினைக் காட்சி இருக்கிறதே, அதை இதோடு ஒப்பிட்டுப் பார்.

நமக்கும் இது புதிதில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்த பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் நடிகர்கள், வாத்தியார், பக்கவாத்தியம், திரைச்சீலை எல்லாம் ஒன்றாகத்தான் ஊர் ஊராகப் போய் முகாம் போட்டன. ஊருக்கு ஊர் கதாநாயகனை மாற்றவில்லை.

நடிகர்களை மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. டுனகனுக்குப் பிறகு 2008இல் வயலட் வேடத்தை ஏற்றவர் எஸ்டெல் பார்சன்ஸ். அப்போது அவருக்கு வயது 80. மேடையில் கட்டிய அந்த வீட்டின் படிக்கட்டில் இரவுக்கு இரவு ஏறி இறங்கினார். 2009இல் ஃபிலிசியா ரஷாத் வந்தார். இருவரும் பெயர் பெற்றவர்கள்தான். ஆனால் அவர்கள் வரும்போது அந்த வீடு நியூயார்க்கில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. வந்தவர்கள் அந்த வீட்டின் பழக்கங்களுக்குள் புகுந்தார்கள். நீயும் சென்னையில் முதலில் உன் ஆட்களோடு வீட்டைக் கட்டு. பிறகு பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், மனத்தை அறுக்கும் விஷயம். பெவர்லி வேடத்தில் நடித்தவர் நாடகாசிரியரின் சொந்த அப்பா, டென்னிஸ் லெட்ஸ். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், பிற்பாடு நடிப்புக்கு வந்தவர். நியூயார்க் பயணத்துக்கு முன்பு அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஆனாலும் போனார், நடித்தார். பெவர்லி முன்னுரைக் காட்சியில் மட்டும் வருவான். மீதி நாடகம் முழுக்க அவன் இல்லாததைப் பற்றியது. டென்னிஸ் லெட்ஸ் 2008 பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரலில் நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. முழு நாடகமும் யாரைச் சுற்றி எழுந்ததோ அந்த இடத்தில் வேறொருவரை எளிதாக நிறுத்தியிருக்கலாம், விற்பனைக்கும் உதவியிருக்கும். அந்த மகனும் அந்தக் குழுவும் அப்படிச் செய்யவில்லை என்பதற்காகவே அவர்கள்மேல் எனக்குப் பெரும் மதிப்பு.

இனி அரங்கைப் பற்றி. இங்கேதான் நீ உண்மையாகவே மாற்றங்கள் செய்யவேண்டும், இதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை!

சிகாகோவில் அந்த நாடகம் நடந்த ஸ்டெப்பன்வுல்ஃப் அரங்கில் சுமார் 500 இருக்கைகள். பிராட்வேயில் அது முதலில் இறங்கிய இம்பீரியல் அரங்கில் சுமார் 1,400. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டாட் ரோசென்தால் வடிவமைத்த செட் மூன்று தளங்கள் கொண்ட ஒரு முழு வீடு, முன்சுவரை மட்டும் எடுத்துவிட்டதுபோல. கீழே கூடமும் சாப்பாட்டு அறையும், நடுவே படிக்கட்டு, உச்சியில் வேலைக்கு வந்த ஷையான் இனப் பெண் ஜொன்னாவின் அறை. ஒரு அறையில் சண்டை நடக்கும்போது மேலே இன்னொருத்தி தனியாக உட்கார்ந்திருப்பதை ரசிகர் பார்த்துக்கொண்டேயிருக்கலாம். பெரிய அரங்குக்குப் போனபோதும் அந்த வீடு கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. அந்த வடிவமைப்புக்கு டோனி விருதும் கிடைத்தது. 2008 ஏப்ரலில் அதே தெருவில் பக்கத்திலேயே இருக்கும், சுமார் 1,000 இருக்கைகள் கொண்ட மியூசிக் பாக்ஸ் அரங்குக்கு மாறினார்கள். ஒரே நாடகம், ஒரே வசனம், ஓராண்டுக்குள் மூன்று அளவுகள்.

அளவு மாறும்போது என்ன மாறும்? குரல் மாறும், ஆனால் கத்தலாகக் கூடாது. மெல்லச் சொல்லவேண்டியதை மெல்லவே சொல்லி, சொல்லின் முடிவை விழுங்காமல் இருக்கப் பழகவேண்டும். உன் அம்மா நடிகைக்கு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கும் பழக்கம் உண்டு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மதுரையின் சின்ன அரங்கில் அது அழகாக இருந்திருக்கும். இங்கே பின்வரிசைக்காரர் பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னா?" என்று கேட்பார், அந்த நிமிடம் போயே போய்விடும். சிரிப்பும் மாறும். ஐந்நூறு பேரின் சிரிப்பு உடனே அடங்கும், பெரிய கூட்டத்தின் சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் போய் முடிய நேரமெடுக்கும். அதற்குள் அடுத்த வசனம் வந்துவிடக்கூடாது. உன் செட்டில் திண்ணை எங்கே இருக்கவேண்டும், பக்கவாட்டு இருக்கைகளிலிருந்து அப்பாவின் முகம் தெரிகிறதா, இதையெல்லாம் நீயே போய் உட்கார்ந்து பார்.

அரங்கத் தொழிலாளர்களையும் மறக்காதே. 'ஆகஸ்ட்' 2007 நவம்பர் 20 அன்று பிராட்வேயில் முறைப்படி தொடங்குவதாக இருந்தது. முன்னோட்டக் காட்சிகள் நடந்துகொண்டிருந்தபோதே நவம்பர் 10 அன்று மேடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செட்டை அரங்குக்குள் ஏற்ற எத்தனை பேரை அமர்த்தவேண்டும் என்பது சச்சரவுகளில் ஒன்று. பிராட்வேயின் பெரும்பாலான அரங்குகள் 19 நாட்கள் மூடிக்கிடந்தன. டிசம்பர் 4 அன்றுதான் நாடகம் தொடங்கியது. காத்திருந்த ஊர் மேலும் காத்திருந்து பார்த்தது. தேதி தள்ளிப்போனதால் நாடகம் கெட்டுவிடவில்லை. உன் நாடகத்தின் தேதி தள்ளிப்போனாலும் பதறாதே.

நீளத்துக்கு வருகிறேன். பிராட்வேயில் 648 காட்சிகள் நடந்தன. ஐந்து டோனி விருதுகள் கிடைத்தன. நாடகம் நீளம் என்பதற்காக ரசிகர் விலகிவிடவில்லை. 2013இல் அதே கதை, லெட்ஸே திரைக்கதை எழுதி, படமாக வந்தது. மெரில் ஸ்ட்ரீப், ஜூலியா ராபர்ட்ஸ் என்று பெரிய பெயர்கள், சுமார் இரண்டு மணி நேரம். நல்ல நடிகர்கள்தான். ஆனால் மேடையில் கடைசியில் வயலட் எல்லோரும் கைவிட்ட அந்த வீட்டுக்குள்ளேயே மிஞ்சுகிறாள், ஜொன்னாவைத் தேடிப் படியேறிப் போகிறாள். படமோ காரோட்டிக்கொண்டு வெளியேறும் பார்பராவோடு முடிகிறது. அடைத்த ஜன்னல்களுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் மூச்சுமுட்ட உட்கார்ந்தவருக்குத்தான் அந்த வீட்டின் முடிவு என்னவென்று புரியும். சீக்கிரமாக வெளியே விட்டுவிட்டால் அது எட்டாது. குறைத்ததும் முடிவை நகர்த்தியதும் படத்துக்கு நட்டம் என்பதே என் தீர்ப்பு. உன் நாடகத்திலும் மூன்றாவது காட்சி மெதுவாகப் போவதால்தான் நான்காவது காட்சி அடிக்கிறது. சலிப்பூட்டும் வரி இருந்தால் வெட்டு, சென்னைக்காக வெட்டாதே.

பேச்சு மொழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2008 நவம்பரில் அந்தக் குழு லண்டனின் நேஷனல் தியேட்டருக்குப் போனது, 2010இல் சிட்னிக்குப் போனது. எங்கேயும் ஓசேஜ் கவுண்டி வேறு மாவட்டமாக ஆகவில்லை. மதுரைப் பேச்சு புரியாத தமிழர் சென்னையில் இல்லை.

ரசிகர்களின் எதிர்பார்ப்பை நினைத்துப் பயப்படாதே, அது சம்பாதித்த சொத்து. டென்னஸி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' 1944 டிசம்பர் 26 அன்று சிகாகோவில் தொடங்கியபோது கடுங்குளிர், டிக்கெட் விற்பனை மோசம். கிளாடியா காசிடி என்ற விமர்சகர் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார், திரும்பத் திரும்ப எழுதினார். ஆஷ்டன் ஸ்டீவன்ஸும் எழுதினார். மெல்லக் கூட்டம் சேர்ந்தது. 1945 மார்ச் 31 அன்று நியூயார்க்கில் திரை உயர்ந்தபோது அங்கே அதற்காகக் காத்திருந்தார்கள். அம்மாவாக நடித்த லோரெட் டெய்லர் சிகாகோவின் வெற்று இருக்கைகளுக்கு முன்னால் நடித்த அதே பாத்திரத்தைத்தான் அங்கேயும் நடித்தார். மதுரை ரசிகர்கள் உனக்காக அந்த விமர்சகர்களின் வேலையைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்துப் பரிந்துரைத்த நாடகத்தையே இங்கே போடு.

சென்னை அரங்கை வாடகைக்கு எடுக்கும்போது காட்சிக்கு முந்தைய நாளையும் சேர்த்துக் கேள். காசு இடித்தால் விளம்பரத்தில் குறைத்துக்கொள். அந்த ஒரு நாள் முழுக்க உன் ஆட்களோடு மேடையில் இரு, நீ மட்டும் இருக்கைக்கு இருக்கை மாறி உட்கார்ந்து கேள். தேதி முடிவானதும் எனக்கு எழுது. எனக்குப் பின்வரிசையில் ஒரு டிக்கெட் எடுத்து வை.

அன்புடன்,
அண்ணன்